ஏழாம் எண்ணின் அடிவயிற்றில்

இரண்டு மணிக்கு ஏழாம் எண் கிளம்ப வேண்டுமாம். கிளம்பட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அதற்கு முன்னால் அதன் கக்கூஸுக்கு அடியில் தலையை விட்டுப் பார்க்க ஒருத்தன் வேண்டும், அந்த ஒருத்தனுக்கு ஐம்பத்தாறு வயது, சர்க்கரை, மடங்க மறுக்கும் வலது முழங்கால் என்று இத்தனையும் இருப்பது இந்த விமானப்படையில் ஒருத்தனுக்கும் நினைவில்லை. மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் ஞானதிரவியம் சரக்கு விமானத்தின் பின்பக்கத் தரைப்பலகைகள் இரண்டைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, திறந்த குழிக்குள் மார்பு வரை இறங்கிக் குப்புறப் படுத்திருந்தார். இடது கையில் டார்ச். வலது கையில் நீளக் கம்பி, அதன் நுனியில் சின்னக் கண்ணாடி, பல் டாக்டர் வைத்திருப்பதைப் போல, ஆனால் பல் டாக்டருக்கு ஏசி உண்டு, சுழல் நாற்காலி உண்டு, வாயைத் திறக்கிறவன் காலையில் பல்லாவது தேய்த்துவிட்டு வந்திருப்பான். இங்கே மூத்திர வாடை. நேற்று தீவிலிருந்து வந்து இறங்கிய பைலட், கக்கூஸ் ஒழுகுகிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்க் குளித்துப் படுத்துவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாகக் குழாயை மாற்றியாகிவிட்டது. ஒழுகியதெல்லாம் எங்கே போயிற்று, எதைத் தின்றது என்று பார்க்க வேண்டியவர் மட்டும் பாக்கி. அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஏழு பறக்கும், போடாவிட்டால் நிற்கும். முப்பத்தெட்டுப் பேர் பயணிகள் கூடத்தில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கிறார்கள், பட்டாளத்துக்காரர்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள், தண்ணீர் பாட்டிலில் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்திருக்கிற ஓர் அம்மாள். அந்த அம்மாளைக் காலையில் பார்த்ததிலிருந்து குழம்பு எங்கே கொட்டும், எந்தப் பலகை இடுக்கில் இறங்கும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. புளியும் உப்பும் சேர்ந்த குழம்பு அலுமினியத்துக்கு ஆகவே ஆகாது.

அலுமினியத்துக்குத் துருப் பிடிக்காது என்று எவன் கிளப்பிவிட்டானோ, முப்பத்தேழு வருடமாக அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது. இரும்பு மாதிரி சிவப்பாகப் பிடித்தால்தானே ஊருக்குத் தெரியும். இது வெள்ளையாகப் பூக்கும், பழைய சுவரில் உப்புப் பூக்கிற மாதிரி. விரலால் தொட்டால் மாவாக ஒட்டும், மாவைத் தட்டிவிட்டால் உலோகம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருக்கும். பள்ளத்தில் விரிசல் பிறக்கும், விரிசல் யாரையும் கேட்டுக்கொண்டு வளர்வதில்லை. இதைச் சொன்னால் சரி சார், சரி சார் என்று தலையாட்டுவார்கள், எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். ஓடுபாதை முடிகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். காற்றெல்லாம் உப்பு. பறந்து வந்த விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கடா என்றால் போர்வெல் தண்ணீரில் கழுவுகிறார்கள், கடல் தண்ணீருக்கும் அதற்கும் உப்பில் ஒரு சிட்டிகைதான் வித்தியாசம், கேட்டால் டேங்கர் வரவில்லை சார். கழுவினோம் என்று கட்டத்தில் டிக் போட்டாகிவிட்டது, டிக் போட்டால் உப்பு பயந்து ஓடிவிடும் அல்லவா? ஸ்டோரில் நைலான் நார் கேட்டால் இரும்பு நார் வருகிறது, பாத்திரம் தேய்க்கிறதுதானே சார் என்கிறான் ஸ்டோர்க்காரன். அதில் தேய்த்தால் இரும்புத் தூள் அலுமினியத்துக்குள் தங்கி அடுத்த மழைக்கு வேலையைக் காட்டும் என்று அவனுக்கு மூன்று தடவை சொல்லியாகிவிட்டது, நாலாவது தடவையும் இரும்பு நார்தான் வந்தது, இந்த முறை பெரிய பாக்கெட். இதில் ஆயுத பூஜை வேறு. போன வருடம் சந்தனத்தைக் கரைத்து, குங்குமத்தை அப்பி, மூக்கிலிருந்து வால் வரை பொட்டு. தேங்காயை உடைத்துத் தண்ணீரை முன்சக்கரத்தின் மேல் ஊற்றினார்கள், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், நசுங்கிய சாறு சக்கரத்தின் உள்விளிம்புக்குப் போகுமே என்று இவர் ஒருத்தர்தான் அடித்துக்கொண்டார். வேதக்காரர், அதான் பூஜை பிடிக்கலை என்று அன்றைக்கே பேச்சு. பாஸ்டர் வந்து ஒலிவ எண்ணெய் தடவினாலும் இதே கத்துதான் கத்துவேன்லே என்று சொல்ல வாயெடுத்து, எதற்கு வம்பு என்று பொட்டுகளையெல்லாம் ஈரத்துணியால் தானே துடைத்தார், இருநூற்றுப் பதினேழு பொட்டு.

"சார், உயிரோட இருக்கீகளா?" மேலிருந்து சார்ஜென்ட் சோலைராஜ். உசிலம்பட்டிக்காரன், எட்டு வருடமாக இவர் கூடவே இருக்கிற ஆள், கை சுத்தம், வாய்தான் நிற்காது. "இருக்கேம்ல. லைட்டை மறைக்காத." "மேடம் ரெண்டு தடவை கேட்டுட்டாங்க சார், எவ்வளவு நேரம் ஆகும்னு." "கக்கூஸுக்குள்ள போனவன்ட்ட எவ்வளவு நேரம்னு கேக்கப்படாதுன்னு சொல்லு." சோலைராஜ் சிரித்துக்கொண்டே போய்விட்டான், அதை அப்படியே போய்ச் சொல்லவும் செய்வான். மேடம் என்பது ஸ்குவாட்ரன் லீடர் வைஜயந்தி, இங்கே பொறியியல் பிரிவுக்குத் தலைமை, முப்பத்திநாலு வயதுதான், நல்ல மண்டை, ஆனால் மேலே இருப்பவர்கள் மணிக்கொரு தரம் போன் போட்டு ஏழு எங்கே ஏழு எங்கே என்று அரித்தால் அவரும் என்னதான் செய்வார். பன்னிரண்டு விமானத்தில் ஆறேனும் பறக்க வேண்டும் என்பது கணக்கு, இப்போது பறப்பவை ஐந்து. கழுத்தில் சுற்றியிருந்த துண்டு நனைந்து கனத்தது. வியர்வையும் உப்புதான், ஒரு சொட்டு விழுந்தாலும் துடைத்துவிட்டு வா என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆயிற்றே, மூக்கு நுனியில் தொங்கிய சொட்டை முழங்கையை வளைத்து வளைத்துத் துடைப்பதற்குள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

அவர் சொல்லிக்கொடுத்த பாடங்களில் பேர்போனது பென்சில் பாடம். தளத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் முதல் வகுப்பு அதுதான். ஒரு பென்சிலை எடுத்து எல்லாருக்கும் காட்டி, இது என்ன என்பார், பென்சில் என்பார்கள், இல்லை, இது குண்டு என்பார், சட்டென்று இரண்டாக ஒடிப்பார். பென்சில் கரி அலுமினியத்தின் மேல் இருக்கும்போது அதன் மேல் உப்பு ஈரமும் சேர்ந்துவிட்டால், கரிக்கு ஒன்றும் ஆகாது, அடியில் இருக்கிற அலுமினியம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப்படும், நீ போட்ட கோடு போட்டபடியே பள்ளமாக இறங்கும், அதனால் எவனாவது விமானத்தின் மேல் பென்சிலால் குறி போட்டதைப் பார்த்தேன் என்றால் அந்தக் கையை ஒடிப்பேன். மார்க்கர் பேனா இருக்கிறது, அதற்கென்றே செய்தது, அதில் எழுது. விமானம் நிறுத்துகிற ஹாங்கர் வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருந்தார். உள்ளே வருகிறவன் பையைத் தட்டிப் பார்ப்பார், பென்சில் இருந்தால் டின்னுக்குள் போகும், திரும்ப வராது. வடக்கத்திப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் பென்சில் சாப் என்பார்கள், நம்மூர்க்காரர்கள் பென்சில் சார். தெரியாதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியும், தெரிந்துதான் டின்னைப் பெரிதாக மாற்றினார். ஒரு தடவை விமானப்படைத் துணைத்தளபதி ஒருவர் பார்வையிட வந்தபோது அவர் சட்டைப்பையிலும் ஒன்று இருந்தது, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், இவர் சல்யூட் அடித்துவிட்டுக் கையை நீட்டினார், அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கதை நாலு தளங்களுக்குப் பரவியது. கௌரவ அதிகாரிப் பட்டத்துக்கு இவர் பெயரை எழுதியபோது வைஜயந்தி அதையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தார் என்று கேள்வி.

கௌரவ அதிகாரி. நினைக்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அதுதான் வந்து நிற்கிறது. கடைநிலையில் சேர்ந்து முப்பத்தேழு வருடம் உழைத்து ஓய்வு பெறப் போகிறவர்களில் சிலருக்கு மட்டும் கடைசி வருடத்தில் அதிகாரியின் தொப்பியும் தோள்பட்டையும் கொடுப்பார்கள். ஆயிரம் பேரில் விரல்விட்டு எண்ணலாம். நடத்தைத் தாளில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி இருந்தாலும் போயிற்று. குடியரசு தினத்துக்கு லிஸ்ட் வரும், பெயர் மேலே போய்விட்டது, இன்னும் ஐந்து வாரம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு பிரிசில்லா என்று வீட்டில் படித்துப் படித்துச் சொன்னார். பிரிசில்லாவா சும்மா இருப்பாள், நாசரேத்தில் இருக்கும் தங்கைக்குச் சொல்லி, தங்கை சபைக்குச் சொல்லி, சபையில் ஸ்தோத்திர ஜெபமே பண்ணியாகிவிட்டது. போதாததற்குப் பட்டுப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்த இடத்தில் இவர் யூனிபார்முக்கும் சொல்லிவைத்துவிட்டாள். காலையில் வாசலில் பைக்கை உதைத்துக்கொண்டிருக்கும்போது வந்து நிற்கிறாள். "ஏங்க, அஞ்சு மணிக்கு டெய்லர் அளவெடுக்க வரச் சொல்லியிருக்காரு, மறந்துராதிய." "பட்டம் வரதுக்கு முன்னால யூனிபார்ம் தைக்கவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்." "அளவுதான எடுக்காரு, தைக்கவா போறாரு? வாற சிலாக்கியத்தை வேண்டாம்னு சொல்லாதிய." பைக்கின் மட்கார்டில் துரு ஒரு ரூபாய் அளவுக்கு ஏறியிருந்தது, அதைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள், ஊரு பிளேனையெல்லாம் துடைக்கிய, உங்க வண்டிய யாரு துடைப்பா? இன்னும் ஒரு உதை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனாலும் ஏழாம் எண்ணின் மேல் அவருக்குத் தனிப் பிரியம், அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இந்தத் தளத்தில் அவர் இருப்பது இரண்டாவது முறை. ஒன்பது வருடத்துக்கு முன் முதல் முறை இருந்தபோது இதே ஏழாம் எண்ணைப் பிரித்துப் போட்டு வேலை செய்தார்கள், அப்போது இவர் ஜூனியர் வாரண்ட் ஆபீசர், முழங்கால் மடங்கியது. இதே கக்கூஸ், இதே குழி. இந்தக் குறுக்குச் சட்டத்தில் இருந்த தேய்ந்த ரிவெட் ஆணிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிது அடித்துக்கொண்டிருந்தபோதுதான் வெளியிலிருந்து கூப்பிட்டார்கள், உங்க வீட்டிலிருந்து போன். மகள் ஷைனிக்கு ப்ளஸ் டூ ரிசல்ட். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. மறுமுனையில் பிரிசில்லா அழுதாளா சிரித்தாளா என்றே தெரியவில்லை, ஷைனி போனைப் பிடுங்கி, அப்பா, மேத்ஸ்ல இருநூறுப்பா என்றாள். அப்படியே ஓடினார். கேட்டுக்கு வெளியே மிட்டாய்க் கடையில் மூன்று கிலோ லட்டு, ஹாங்கரில் வேலை செய்தவன் ஒருத்தன் விடாமல் கையில் வைத்தார், பெயின்ட் அடிக்கிறவன் முகமூடியைத் தூக்கிவிட்டு வாயைத் திறந்தான், இவரே ஊட்டிவிட்டார். லட்டுப் பெட்டியின் மூடியில் கொட்டை எழுத்தில் 1146 என்று எழுதி நோட்டீஸ் போர்டில் செருகி வைத்தார். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது, எறும்பு மொய்க்கிறது என்று யாரோ எடுத்துப்போடும் வரைக்கும். வாழ்க்கையில் ஒரே ஒரு நாளைத் திரும்பக் கொடுக்கிறேன் என்று கர்த்தர் சொன்னால் கல்யாண நாளைக் கூடக் கேட்க மாட்டார், அந்த நாளைத்தான் கேட்பார். ஷைனி இப்போது பெங்களூரில் இருக்கிறாள், வாரத்துக்கு ஒரு போன், அதுவும் சாப்பிட்டுக்கொண்டே.

கண்ணாடியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். கக்கூஸ் தொட்டிக்கு நேர் கீழே தரையைத் தாங்குகிற குறுக்குச் சட்டம், அதன் பின்முகம் நேர்க்கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடியில்தான் தெரியும். பச்சை மஞ்சளாகப் பூச்சு, ஒழுகிய தடம் பழுப்பாக வழிந்திருந்தது, பிறகு அங்கே, ரிவெட்டைச் சுற்றி, வெள்ளை. பூத்திருந்தது. பூச்சு கொப்பளித்து, உடைந்து, நடுவில் வெள்ளை மாவு, ஒரு வட்டம், வட்டத்துக்குப் பக்கத்தில் வளைவு வளைவாக இன்னும் ஏதோ. போச்சு. இரண்டு மணியாவது மூணு மணியாவது. யார் வேலை இது? வட்டமாக இருக்கிறதே, பொட்டா? பொட்டு இங்கே எப்படி வரும், கக்கூஸுக்கு அடியில் வந்து எந்தப் புண்ணியவான் பூஜை போட்டான், ஆனால் இவன்களை நம்ப முடியாது, மேலே கரைத்த குங்குமம் கீழே வழிந்திருக்கும். இல்லை, வழிந்தால் கீழ்நோக்கிக் கோடாக இறங்கும், வட்டம் போடுமா? தேங்காய்த் தண்ணீர்? அது முன்சக்கரத்தில். குழம்பு? எந்த ஊரில் குழம்பு ரிவெட்டைச் சுற்றி இவ்வளவு ஒழுங்காக வட்டம் போடும்? ஸ்டோர்க்காரனின் இரும்பு நார்தான், எவனோ வட்டமாகத் தேய்த்திருக்கிறான், தேய்த்தவன் பெயர் மட்டும் கிடைக்கட்டும். மனசுக்குள் நாலைந்து பேரை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவனாகத் திட்டினார், சோலைராஜையும் விடவில்லை. கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தார். வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த வளைவு தற்செயலாக வந்தது போலவே இல்லை. சுழித்து, மேலேறி, இறங்கி, தனியாக ஒரு கொக்கி. ஒரு ஒழுங்கு இருந்தது அதில். எங்கேயோ பார்த்த ஒழுங்கு. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு இட்லியோடு எழுந்தது தப்பு, சர்க்கரை இறங்கினால் கண்ணில் இப்படியெல்லாம்தான் தெரியும்.

கண்ணாடியை வெளியே வைத்துவிட்டு, நேராகப் பார்த்தால்தான் ஆகும் என்று உடம்பைச் சுருட்டினார். இடுப்பு வரை உள்ளே போக வேண்டும், பிறகு மல்லாந்து புரள வேண்டும், கழுத்தைச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் அநாயாசமாகச் செய்தது. இப்போது முழங்கால் ஐயோ என்றது, தொப்பை ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டது, இதில் அதிகாரியின் பெல்ட் வேறு கட்டப் போகிறாராம், டெய்லர் எத்தனை இஞ்ச் என்று சொல்லும்போது பிரிசில்லா சிரிப்பாள். புரண்டார். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சட்டத்தின் பின்முகம். டார்ச்சைத் தூக்கினார். கண்ணாடியில் இடவலமாகத் தெரிந்தது நேர்க்கண்ணுக்கு நேராக நின்றது. வட்டம், ஒரு டிக், டிக்குக்குப் பக்கத்தில் ‘ஞா’. வெள்ளை வெளேரென்று, பள்ளமாக, சுழி சுழித்த இடத்தில் சுழித்தபடி. அவருடைய ‘ஞா’. இந்திக்காரனும் மலையாளியும் பஞ்சாபியும் இங்கிலீஷில் இனிஷியல் போடுகிற ஹாங்கரில், என் வேலை எது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று இருபது வருடமாகத் தமிழில் ‘ஞா’ போடுகிறவர் இந்தியாவிலேயே ஒருத்தர்தான். பிறகு லட்டுப் பெட்டியின் மூடி ஞாபகத்துக்கு வந்தது, 1146, சாம்பல் நிறத்தில், பளபளப்பாக. மார்க்கரில் எழுதினால் கறுப்பாக அல்லவா இருக்கும்? மார்க்கர் அன்றைக்குத் தீர்ந்துபோயிருந்தது. ஸ்டோரில் கேட்டதற்கு மூன்று பிரதியில் எழுதிக்கொடு, நாலு நாள் ஆகும் என்றான். வெளியே பெட்டிகளுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்த தச்சரிடம் வாங்கினார், சிவப்புப் பட்டையான தச்சுப் பென்சில், இப்போதைக்குத்தானே, ரிவெட்டுக்கு வட்டம் போட்டு டிக் அடித்துவிட்டு, பூச்சு அடிப்பதற்கு முன்னால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடலாம். துடைப்பதற்குத்தான் துணியை நனைத்தார். அப்போதுதான் போன். திரும்பி வருவதற்குள் பெயின்ட்காரன் அடித்து முடித்துவிட்டான், அவன் வாயில்தான் லட்டு ஊட்டினார்.

ஊருக்கு உபதேசம். கிழட்டுப் பயலே, டின் வைத்தாயே டின். துணைத்தளபதி பையில் கை விட்டாயே. ஒன்பது வருடமாகப் பூச்சுக்கு அடியில் கரி சும்மா கிடந்திருக்கிறது, இந்த மூலையை வருடத்துக்கு ஒரு தடவை கண்ணாடியில் எட்டிப் பார்ப்பதோடு சரி, பூச்சு முழுசாக இருந்தால் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள், இப்போது கக்கூஸ் ஒழுகி ஈரம் இறங்கியதும் விழித்துக்கொண்டது. நல்ல நாளாகப் பார்த்து விழித்தது, ஐந்து வாரம் பொறுக்கக் கூடாதா சனியன். அவருடைய கை தன்பாட்டுக்குத் தொடைப் பையைத் தடவியது. நைலான் நார் இருந்தது. பத்தே நிமிடம். தேய்த்தால் மாவு போகும், எழுத்து போகும், பளபளவென்று ஒரு வட்டம்தான் மிஞ்சும், அதில் யார் பெயரும் இருக்காது. எப்படியும் தேய்க்கத்தானே போகிறோம், வைத்தியமே அதுதானே. முதலில் படம், அப்புறம் ஆழம், கடைசியில்தான் தேய்ப்பு என்ற வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டியது யார்? நான்தான். ஆழத்தைத் தேய்த்த பிறகும் அளக்கலாம், அதில் பொய்யில்லை, அளவுக்கு மீறியிருந்தால் விமானத்தை நிறுத்திவிடலாம், அந்த முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு குறையும் வராது. காரணம் என்ற கட்டத்தில் கழிவறைக் கசிவு என்று எழுதினால் அதுவும் முக்கால் உண்மை. கால் பங்குப் பொய்க்காக யாராவது தூக்கில் போடுவார்களா? நாரை வெளியே எடுத்துவிட்டார். எழுத்தின் துணைக்காலின் மேல் வைத்தும் விட்டார். தேய்க்க வேண்டியதுதான். அந்தப் பென்சிலை அப்புறம் என்ன செய்தேன்? இந்தக் கேள்வி எங்கிருந்து வந்ததோ, கை நின்றது. மார்க்கர் வர நாலு நாள் ஆனது. நாலு நாளும் பென்சில் அவர் காதிலேயே இருந்தது, தச்சர் கூட வந்து கேட்டார், என்ன சார், என் பென்சிலுக்குக் காது குத்திட்டீங்களா என்று. ஏழு முடிந்து மறுநாள் ஐந்து. அதற்கடுத்து பதினொன்று, அதன் இடது இறக்கை உடம்போடு சேர்கிற வேர்ப்பகுதி. அங்கே துடைத்தாரா? துடைத்தார், துடைத்திருப்பார், துடைத்த ஞாபகம் இருக்கிறதா? இல்லை. ஏழில் துடைத்த ஞாபகம் கூட இன்று காலை வரை நன்றாகத்தான் இருந்தது.

"சார், பேச்சு மூச்சைக் காணோம்?" சோலைராஜின் தலை மேலே தெரிந்தது. "எதுவும் கெடைச்சுச்சா?" நாரை மறைக்க வேண்டும் என்று தோன்றியது, மறைக்கவில்லை. "உள்ள வா. கேமரா எடுத்துக்கிட்டு வா." அவன் பக்கத்துப் பலகையையும் கழற்றிவிட்டு, பல்லியைப் போல லாகவமாக இறங்கினான், கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தான். "ஆத்தி, பூத்திருக்கே. என்னா சார் இது, கோலம் போட்ட மாதிரி?" "கண்ணாடிய வச்சிட்டு நேரா பாரு." அவன் புரண்டு வந்தான். டார்ச் வெளிச்சம் சட்டத்தில் நின்றது. வெளியே தூரத்தில் ஏதோ எஞ்சின் ஓடி நின்றது. "வாசி" என்றார். "சார்..." "வாசில." "ஞா" என்றான், பள்ளிக்கூடத்தில் தப்புப் பண்ணிவிட்டு நிற்கிறவன் குரலில். "எதுல எழுதினது?" அவன் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை, அந்தப் பாடத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். பிறகு அவன் கை மெல்ல நீண்டு இவர் விரலிலிருந்த நைலான் நாரைப் பிடித்தது. "குடுங்க சார். நான் தேய்ச்சுடுறேன். பத்து நிமிசம். யானைக்கும் அடி சறுக்கும். நானும் பாக்கலை, நீங்களும் பாக்கலை. லிஸ்ட் வரட்டும், அப்பறம் பாத்துக்குவோம்." அதில் இருந்த பிரியத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால், சிரித்திருந்தால் கூடச் சமாளித்திருப்பார். எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"கூமுட்ட. இதைத் தேய்ச்சிரலாம்ல. அஞ்சையும் பதினொண்ணையும் யாரு தேய்ப்பா? எங்கெங்க போட்டேன்னு எனக்கு மட்டும்தானல தெரியும். காரணம் கக்கூஸுன்னு எழுதிட்டா, கக்கூஸ் இல்லாத எடத்தை எவன் தொறந்து பாப்பான்? பதினொண்ணுல இறக்கை வேருல. படத்தை எடு மொதல்ல. எழுத்து தெளிவா விழணும்."

சோலைராஜ் நாரை விட்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே படம் எடுத்தான், முதல் படம் ஆடிப்போயிற்று, இரண்டாவதுதான் சரியாக விழுந்தது. ஆழத்தை இருவருமாக அளந்தார்கள், ரிவெட்டைச் சுற்றி அளவுக்கு மேலேயே இருந்தது. வெளியே வந்து நிற்பதற்குள் முழங்கால் இரண்டு தடவை ஏமாற்றியது. இறக்கை நிழலில் வைஜயந்தி காதில் போனோடு நின்றிருந்தார், இவர் முகத்தைப் பார்த்ததும் அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டார். ஞானதிரவியம் கேமராவை நீட்டினார். மேடம் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார், தமிழ் படிக்கத் தெரிந்தவர்தான். பயணிகள் கூடத்துப் பக்கமிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, பாவம், அவ்வளவு பேரும் இனி சாயங்காலம் வரை அங்கே கிடந்து ஏர்ஃபோர்ஸ்காரனை ஏசப் போகிறார்கள்.

"ஏழு நிக்கட்டும், அது பிரச்னை இல்ல" என்றார் வைஜயந்தி, குரலைத் தாழ்த்தி. "ஆனா சாப், காரணம்ங்கற கட்டத்தை இன்னிக்கே நிரப்பணும்னு இல்ல. விசாரிச்சு எழுதறோம்னு போடலாம். விசாரணை அஞ்சாறு வாரம் ஆகும். நான் என்ன சொல்றேன்னு உங்களுக்குப் புரியும்."

புரிந்தது. எல்லாருமே இன்றைக்கு இவ்வளவு நல்லவர்களாக இருந்து தொலைக்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது. "அஞ்சும் பதினொண்ணும் இன்னைக்கு எங்க மேடம்?"

"அஞ்சு உள்ளதான் இருக்கு. பதினொண்ணு மூணு மணிக்குப் பறக்க..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"அன்னைக்குத் துடைக்க வேண்டியதைத் துடைக்காமப் போனேன் மேடம். இன்னைக்குத் துடைக்கக் கூடாததைத் துடைக்கச் சொல்லுதீங்களா? பதினொண்ணை நிறுத்துங்க."

வைஜயந்தி போனை எடுத்து நாலடி தள்ளிப் போனார், பதினொன்று என்ற சொல் மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது. ஞானதிரவியம் விமானத்தின் குறிப்பேட்டைத் திறந்து சக்கரத்தின் பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பேனா கொடு என்று கையை நீட்டினார். சோலைராஜ் எல்லாப் பைகளையும் தட்டிவிட்டுத் திருதிருவென்று விழித்தான், காலையில் யாருக்கோ கொடுத்தானாம், பேனா கூட இல்லாமல் வேலைக்கு வருகிறவனை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய? கடைசியில் வைஜயந்திதான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தன் பேனாவை நீட்டினார். பழுது என்ற கட்டத்தில் சட்டத்தின் எண், ரிவெட்டின் எண், ஆழம். காரணம் என்ற கட்டம் சின்னது, இரண்டு விரற்கடை அகலம், அதற்குள் பென்சில் குறி, போட்டவர் ஞானதிரவியம் என்று எழுதினார். ஐந்தில் எங்கே, பதினொன்றில் எங்கே என்று எழுத இடம் போதவில்லை, பின்பக்கத்தில் தொடர்ந்தார். டெய்லர் அஞ்சு மணிக்குக் காத்துக்கொண்டிருப்பார், அவருக்கு ஒரு போன் போட வேண்டும், இல்லை, முதலில் பிரிசில்லாவுக்கு, பென்சிலா, என்ன பென்சில், உங்களுக்கென்ன கிறுக்கா என்பாள், முதலிலிருந்து சொல்ல வேண்டும், ஷைனி ரிசல்ட் வந்த அன்றைக்கு என்று தொடங்க வேண்டும். கடைசி வரியில் வழக்கம்போல இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார். மூடப் போனவர் மறுபடி திறந்தார். படத்தோடு ஒத்துப் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று, கையெழுத்துக்குக் கீழே, சுழியெல்லாம் சரியாக வர, நிதானமாக ஒரு ‘ஞா’ போட்டார்.